இசட்4 மகிழுந்தின் தோற்றமும் பயண சொகுசும்

இசட்4 என்பது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2002ஆம் ஆண்டு பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய, இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையை மடக்கித் திறக்கத்தக்க விளையாட்டு வகை மகிழுந்து ஆகும். இதன் முதல் தலைமுறை நிறுவனத்தின் உள்வழக்கில் ஈ85 என்னும் குறியீட்டால் அழைக்கப்பட்டது. 2002 முதல் 2008 வரை அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள ஸ்பார்டன்பர்க் ஆலையில் இது உற்பத்தி செய்யப்பட்டது. வெளிவந்த நாள் முதலே மகிழுந்து ஆர்வலர்களிடையே இரண்டு வினாக்களை இது எழுப்பியது. இதன் தோற்றம் அழகானதா என்பது முதல் வினா. அத்தோற்றத்திற்காகப் பயணத்தின் சொகுசை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பது இரண்டாவது. முதல் வினா சுவை சார்ந்தது. இரண்டாவதை இயற்பியலைக் கொண்டு ஓரளவு அளந்தே பார்க்கலாம். இக்கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது.

பின்னணி

இசட்4க்கு முன்னோடி, 1995இல் வெளிவந்த இசட்3 ஆகும். அதே ஆண்டு வெளியான கோல்டன்ஐ என்னும் ஜேம்ஸ் பாண்ட் திரைப்படத்தில் தோன்றியதால் அது பரவலாக அறியப்பட்டது. வட்டமான, மென்மையான உடலமைப்பைக் கொண்டிருந்த இசட்3ஐ வடிவமைத்தவர் ஜோஜி நாகாஷிமா. அதன் தோற்றம் யாரையும் பெரிதாகக் கோபப்படுத்தவில்லை. ஆனால் அதன் பின்புற சஸ்பென்ஷன், 1980களின் ஈ30 வகை மகிழுந்திலிருந்து எடுக்கப்பட்ட பழைய அமைப்பாகும். ஆதலால் இசட்3 அழகாக இருந்தாலும் அடியில் பழமையானது என்ற குறை அன்றே கூறப்பட்டது.

இசட்4இல் நிலைமை தலைகீழானது. பின்புறத்தில் பல இணைப்புத் தண்டுகளைக் கொண்ட புதிய சஸ்பென்ஷன் பொருத்தப்பட்டது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தொலைவு 2446 மில்லிமீட்டரிலிருந்து 2495 மில்லிமீட்டராகக் கூடியது. பொறியியல் நோக்கில் இவை இரண்டும் பயண சொகுசுக்குச் சாதகமான மாற்றங்களே. அப்படியிருந்தும் இசட்4 இறுக்கமானது, சிறு பள்ளத்தையும் அப்படியே முதுகுக்குக் கடத்துவது என்ற பெயரையே பெற்றது. அதற்கான காரணங்களைக் காண்பதற்கு முன், தோற்றத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

தோற்றம்

1992 முதல் 2009 வரை பி.எம்.டபிள்யூ குழுமத்தின் வடிவமைப்புத் துறைக்குத் தலைமை வகித்தவர் அமெரிக்கரான கிறிஸ் பேங்கிள். அவரது காலத்தில் 2001இல் வெளிவந்த ஈ65 வகை 7 வரிசை மகிழுந்தின் பின்பகுதி கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அவரைப் பதவியிலிருந்து நீக்கக் கோரி இணையத்தில் கையொப்ப இயக்கமே நடந்தது. அந்த வெப்பம் தணிவதற்குள் வந்து சேர்ந்தது இசட்4.

இசட்4இன் வெளித்தோற்றத்தை வரைந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் வார்மிங். குழிவான பரப்பும் குவிவான பரப்பும் கூர்மையான விளிம்பில் சந்தித்து, ஒளி நகர நகரத் தீச்சுடர் போல் நிழல் அலையும்படி உலோகத் தகட்டை வளைக்கும் பாணி இதில் கையாளப்பட்டது. இப்பாணி முதலில் 2001இல் டெட்ராய்ட் கண்காட்சியில் வைக்கப்பட்ட எக்ஸ் கூப்பே என்னும் மாதிரி மகிழுந்தில் காட்டப்பட்டது. இசட்4இன் பக்கவாட்டில், முன்கண்ணாடியின் தூணிலிருந்து கீழ்நோக்கிச் சாய்ந்து இறங்கும் கோடு ஒன்று, நிறுவனச் சின்னத்தினூடே செல்கிறது. அச்சின்னத்திலேயே பக்கத் திருப்ப விளக்கும் பொதிக்கப்பட்டுள்ளது. நேர்ப்படத்தில் இக்கோடு விந்தையாகத் தெரியும். வெயிலில் நிற்கும் வண்டியைச் சுற்றி நடந்து பார்த்தால் அதன் பொருள் விளங்கும். ஒளிப்படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னவர்களில் பலர் பிற்காலத்தில் மனம் மாறியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பயண சொகுசைப் பொறுத்தமட்டில், தோற்றத்தின் கூறுகளில் நான்கு மட்டுமே முக்கியமானவை. அவை நீண்ட பானட், பின் அச்சுக்குச் சற்று முன்னால் தாழ்வாக அமைந்த இருக்கை, தரையை ஒட்டிய உடல், சக்கர வளைவை நிரப்பி நிற்கும் பெரிய சக்கரங்கள். மற்ற வளைவுகள் முதுகெலும்புக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை.

பயண சொகுசு அளக்கப்படும் முறை

மகிழுந்தின் உடலை, நான்கு சுருள்வில்களின் மேல் வைக்கப்பட்ட ஒரு பெட்டியாகக் கருதலாம். அதை ஒருமுறை அழுத்தி விட்டால் தனக்கே உரிய ஓர் அதிர்வெண்ணில் மேலும் கீழும் ஆடும். இதற்கு இயல்பு அதிர்வெண் என்று பெயர். வில்லின் விறைப்பை நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2π ஆல் வகுத்தால் இது கிடைக்கும். சாதாரணக் குடும்ப மகிழுந்துகளில் இது ஏறத்தாழ 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரையிலும், விளையாட்டு வகை மகிழுந்துகளில் அதற்கு மேல் 2 ஹெர்ட்ஸையொட்டியும் அமைகிறது.

இந்த வேறுபாடு சிறியது போல் தோன்றலாம். பள்ளி இயற்பியல் படித்தவர் எவரும் இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1 ஹெர்ட்ஸில் ஆடும் வில், வண்டியின் எடையைத் தாங்கும்போது சுமார் 25 சென்டிமீட்டர் அமுங்கியிருக்க வேண்டும். 1.5 ஹெர்ட்ஸ் என்றால் 11 சென்டிமீட்டர். 2 ஹெர்ட்ஸ் என்றால் 6 சென்டிமீட்டர் அளவே. தரையை ஒட்டித் தாழ்த்தப்பட்ட வண்டியில் சக்கரம் மேலேறி இறங்க இடம் குறைவு. இடம் குறைந்தால் வில்லை விறைப்பாக்கியே தீர வேண்டும். இல்லையேல் சற்றுப் பெரிய மேட்டிலேயே சஸ்பென்ஷன் தன் எல்லையில் சென்று மோதும். அதாவது, வரைபலகையில் கூரையையும் உடலையும் சில சென்டிமீட்டர் கீழே இறக்கும்போதே வில்லின் விறைப்பும் பாதி முடிவாகிவிடுகிறது.

மனித உடலும் ஒரு வில்லமைப்பே. செங்குத்துத் திசையில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளை அது மிகுதியாக உணர்கிறது. வயிற்றின் உள்ளுறுப்புகளும் முதுகெலும்பும் இவ்வெல்லையில் ஒத்ததிர்கின்றன. உடல் முழுவதும் உணரும் அதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 2631 என்னும் பன்னாட்டுத் தரநிலை, இவ்வெல்லைக்கே அதிக எடை கொடுக்கிறது. ஆகவே மெதுவாக அலைபாயும் வண்டியை விட, சிறு சிறு அதிர்வுகளை இடைவிடாது கடத்தும் வண்டியே நீண்ட பயணத்தில் உடலைக் களைப்படையச் செய்கிறது.

இருக்கை எங்கே இருக்கிறது

இசட்4 பற்றிய உரையாடல்களில் டயரைப் பற்றிப் பேசுவோர் பலர். இருக்கையின் இடத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இத்தனைக்கும் இதுவே இந்த மகிழுந்தின் வடிவத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைந்த காரணமாகும்.

சாலையில் உள்ள ஒரு மேட்டை முன்சக்கரம் முதலில் சந்திக்கிறது, பின்சக்கரம் பிறகு சந்திக்கிறது. 2495 மில்லிமீட்டர் அச்சிடைத் தொலைவுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது இவ்விரண்டுக்கும் இடையிலான நேரம் 0.15 நொடி. முன்புறம் ஏறி இறங்கத் தொடங்கும் வேளையில் பின்புறம் ஏறத் தொடங்குவதால், உடல் முன்னும் பின்னுமாகத் தலையசைக்கிறது. தொட்டிலின் நடுவில் இருக்கும் குழந்தையை விட ஓரத்தில் இருக்கும் பொம்மை அதிகம் ஆடுவதைப் போல, தலையசைப்பின் மையத்திலிருந்து விலகி அமர்ந்தவருக்கே ஆட்டம் அதிகம்.

1930களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மாரிஸ் ஆலி என்னும் பொறியாளர் இந்தத் தலையசைப்பை முறையாக ஆராய்ந்தார். பின்புற வில்லின் அதிர்வெண்ணை முன்புறத்தை விடச் சற்றுக் கூடுதலாக வைத்தால், தாமதமாகத் தொடங்கும் பின்புற ஆட்டம் முன்புறத்தை எட்டிப்பிடித்து, இரண்டும் ஒன்றாக மேலும் கீழும் ஆடும். தலையசைப்பு விரைவில் அடங்கும் என்று அவர் காட்டினார். இன்றுவரை இவ்விதி பாடநூல்களில் உள்ளது. ஆனால் இதன்படி பின்புற வில் விறைப்பாகிறது. பின் அச்சுக்கு அருகில் அமர்ந்தவருக்கு இது நற்செய்தி அன்று.

இசட்4இல் ஆறு உருளைகள் வரிசையாக அமைந்த நீளமான எந்திரம் முன் அச்சையொட்டி, கூடியவரை பின்னோக்கித் தள்ளி வைக்கப்பட்டுள்ளது. நிறை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட வேண்டும் என்பது இதன் நோக்கம். எந்திரம் பின்னே நகர, ஓட்டுநரும் பின்னே நகர்கிறார். நீண்ட பானட்டின் அழகும், பின் அச்சின் ஒவ்வொரு குலுக்கலையும் நேராக உணரும் இருக்கையும் ஒரே முடிவின் இரு விளைவுகள். இதற்கு மாறாக, அக்காலத்தில் இசட்4உடன் எப்போதும் ஒப்பிடப்பட்ட போர்ஷே நிறுவனத்தின் பாக்ஸ்டர் மகிழுந்தில் எந்திரம் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ளது. அதன் முதல் தலைமுறையின் அச்சிடைத் தொலைவு 2415 மில்லிமீட்டர். இசட்4ஐ விடக் குறைவு. எனினும் ஓட்டுநர் இரு அச்சுகளின் நடுப்பகுதிக்கு நெருக்கமாக அமர்வதால் தலையசைப்பை அவர் குறைவாகவே உணர்கிறார். அச்சிடைத் தொலைவு என்னும் ஓர் எண்ணை மட்டும் பார்த்துச் சொகுசை ஊகிப்பது ஏன் தவறாக முடிகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சக்கர அளவும் டயரின் பக்கச்சுவரும்

அறிமுகத்தின்போது 2.5 லிட்டர் எந்திரம் கொண்ட இசட்4 16 அங்குலச் சக்கரத்துடனும், 3.0 லிட்டர் எந்திரம் கொண்டது 17 அங்குலச் சக்கரத்துடனும் விற்கப்பட்டன. விரும்பியோர் 18 அங்குலச் சக்கரத்தைப் பெறலாம். ஒளிப்படங்களில் பெரும்பாலும் இடம்பெற்றது இந்த 18 அங்குலமே. சாய்ந்த கோடுகளும் அகன்ற பின்புறமும் கொண்ட உடலுக்கு அதுவே பொருத்தமாகத் தெரிந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

டயரின் மீது அச்சிடப்பட்ட எண்களிலிருந்து பக்கச்சுவரின் உயரத்தைக் கணக்கிடலாம். 225/50 ஆர்16 என்றால் அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 50 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 16 அங்குலம். பக்கச்சுவர் 112 மில்லிமீட்டர் வருகிறது. 225/45 ஆர்17 டயரில் இது 101 மில்லிமீட்டர். 18 அங்குலத் தெரிவில் முன்புறம் 225/40, பின்புறம் 255/35. பக்கச்சுவர் முறையே 90, 89 மில்லிமீட்டர். ஆனால் மூன்று வகையிலும் டயரின் முழு விட்டம் 631 முதல் 637 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அதாவது சக்கரம் உண்மையில் பெரிதாகவில்லை. இரப்பரும் காற்றும் இருந்த இடத்தை உலோகம் எடுத்துக்கொண்டது, அவ்வளவே.

டயர் என்பது சஸ்பென்ஷனுக்கு முன்பே வேலை செய்யும் முதல் வில். அதன் விறைப்பு, சுருள்வில்லின் விறைப்பைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. ஆகவே பெரிய அலை போன்ற மேடுகளில் டயரின் பங்கு சொற்பம். தார்ச்சாலையின் இணைப்புகள், சிறு குழிகள், மூடிகளின் விளிம்புகள் போன்ற கூர்மையான தடைகளிலோ டயரே முதல் காப்பு. ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். இவை விளக்கத்துக்கான தோராய எண்களே, இசட்4இல் அளந்தவை அல்ல. சுருள்வில்லின் விறைப்பு மீட்டருக்கு 25 கிலோநியூட்டன், டயரினது 200, சக்கரமும் அதைச் சார்ந்த பாகங்களும் 40 கிலோகிராம் எனக் கொண்டால், சக்கரம் தனியே துள்ளும் அதிர்வெண் சுமார் 12 ஹெர்ட்ஸ். டயரின் விறைப்பை 300 ஆக உயர்த்தினால் அது 14 ஹெர்ட்ஸைத் தாண்டுகிறது. வண்டியின் உடல் ஆடும் அதிர்வெண்ணோ இரண்டு விழுக்காடு அளவுக்கே மாறுகிறது. சக்கரத்தை மாற்றியவர்கள், வண்டி முன்போலவே செல்கிறது, ஆனால் ஒவ்வொரு குழியும் கூர்மையாகத் தெரிகிறது என்று சொல்வதன் காரணம் இதுவே. ரிம் பெரிதாகும்போது பெரும்பாலும் எடையும் கூடுவதால், அதிர்வுத் தணிப்பானின் வேலையும் கடினமாகிறது.

காற்றிழந்தும் ஓடும் டயர்கள்

இசட்4இன் இறுக்கத்துக்கு ஆர்வலர்கள் முதலில் சுட்டிக்காட்டுவது ரன்-ஃபிளாட் டயர்களை. பஞ்சர் ஆகிக் காற்று முற்றிலும் வெளியேறிய பின்னும், பக்கச்சுவரின் வலிமையினாலேயே வண்டியின் எடையைத் தாங்கிச் செல்லும் டயர்கள் இவை. பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவு வரை இவற்றில் செல்லலாம். இதற்காகப் பக்கச்சுவர் தடித்த இரப்பரால் வலுவூட்டப்படுகிறது. வளைந்து கொடுக்க வேண்டிய பகுதியே வளையாமல் இருக்கும்படி செய்யப்படுவதால், குறுகிய பக்கச்சுவரின் குறை இதனால் இரட்டிப்பாகிறது.

இதைத் தேர்ந்தெடுத்ததற்கும் வடிவத்துக்கும் தொடர்பு உண்டு. குட்டையான பின்பகுதியில் மடங்கும் கூரைக்கும் டிக்கிக்கும் இடம் காண வேண்டியிருந்ததால், ஸ்டெப்னி எனப்படும் மாற்றுச் சக்கரத்துக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. நெடுஞ்சாலையில் இரவில் தனியே பயணம் செய்பவருக்கு ரன்-ஃபிளாட் டயர் உண்மையான பாதுகாப்பு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இணைய உரையாடல்களில் இப்பக்கம் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

உரிமையாளர்கள் பலர் முதல் டயர்கள் தேய்ந்ததும் சாதாரண டயர்களுக்கு மாறினர். பயணம் மென்மையானதோடு, சாலையின் தடங்களைப் பின்தொடர்ந்து வண்டி தானே பக்கவாட்டில் இழுக்கும் குணமும் குறைந்தது என்பது அவர்களில் பெரும்பாலோரின் அனுபவம். மாறியவர்கள் ஓட்டையடைக்கும் பசையும் சிறிய காற்றழுத்தியும் உடன் வைத்திருக்க வேண்டும். பக்கச்சுவர் கிழிந்தால் அவையும் உதவா. வண்டியை இழுத்துச் செல்லும் ஊர்தியை அழைப்பது ஒன்றே வழி. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரன்-ஃபிளாட்டும் மறுபக்கம் சாதாரண டயரும் பொருத்துவது ஆபத்தானது.

ஆர்வலர்களின் வாதங்கள்

விளையாட்டு வகை மகிழுந்து என்றால் இறுக்கமாகத்தான் இருக்கும், மென்மை வேண்டுவோர் வேறு வண்டி வாங்கட்டும் என்பது ஒரு தரப்பு. இவ்வாதத்தில் ஒரு குழப்பம் உள்ளது. விறைப்பான வில், வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கிறது. ஓட்டுநரின் கைக்கு வண்டி உடனே பணிகிறது. ஆனால் பிடிப்பு என்பது டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பதைப் பொறுத்தது. கரடுமுரடான வளைவில் சக்கரம் துள்ளினால், அந்தக் கணத்தில் பிடிப்பு இல்லை. வழவழப்பான பந்தயத் தடத்தில் வேகமாகச் செல்லும் இறுக்கமான வண்டி, பழுதுபட்ட கிராமச் சாலையில் மென்மையான வண்டியிடம் தோற்பது இதனால்தான். 1996இல் வெளிவந்த லோட்டஸ் எலீஸ் இதற்குச் சான்று. ஏறத்தாழ 725 கிலோகிராம் எடையே கொண்ட அதன் முன்புறத்தில் 185/55 ஆர்15 என்னும் எளிய அளவுள்ள டயர்களே இருந்தன. அது வளைவுகளிலும் சிறந்தது, குழிகளிலும் பொறுமை காட்டியது.

மறுதரப்பு, தோற்றத்துக்காகவே சொகுசு பலியிடப்பட்டது என்கிறது. இதுவும் முழு உண்மை அன்று. 16 அங்குலச் சக்கரம் கொண்ட இசட்4, அதே உடலழகையே கொண்டிருந்தது. விளையாட்டுத் தொகுப்பு என்ற பெயரில் தாழ்த்தப்பட்ட சஸ்பென்ஷனையும் 18 அங்குலச் சக்கரத்தையும் கூடுதல் பணம் கொடுத்து வாங்கியவர்கள், அடிப்படை வகையை ஓட்டிப் பார்க்காமலேயே முழு வரிசையையும் குறை கூறியதும் உண்டு. வண்டியிலிருந்த விளையாட்டுப் பொத்தானை அழுத்தினால் எந்திரத்தின் வேகமேற்றமும் ஸ்டீயரிங்கின் கனமும் மாறின. அதிர்வுத் தணிப்பான்கள் மாறவில்லை. பொத்தானைத் தளர்த்தினால் பயணம் மென்மையாகும் என்று எண்ணி வாங்கியவர்கள் ஏமாந்தனர்.

தோற்றமும் சொகுசும் என்றைக்கும் பகையாகத்தான் இருக்க வேண்டுமா என்றால், 1955இல் அதே பாரிஸ் நகரின் கண்காட்சியில் தோன்றிய சித்ரோன் டிஎஸ் நினைவுக்கு வருகிறது. இத்தாலியச் சிற்பியான ஃபிளாமினியோ பெர்த்தோனி அதன் உடலை வடித்தார். சுருள்வில்லுக்குப் பதிலாக நைட்ரஜன் வாயுவும் அழுத்தத்திலுள்ள நீர்மமும் எடையைத் தாங்கும் சஸ்பென்ஷனை உருவாக்கியவர் பால் மாஷேஸ். எடை ஏறினாலும் வண்டியின் உயரம் மாறாததால், வில்லை மிக மென்மையாக வைக்க முடிந்தது. அச்சிடைத் தொலைவு 3125 மில்லிமீட்டர். எதிர்காலத்திலிருந்து வந்தது போன்ற தோற்றமும் மிதப்பது போன்ற பயணமும் ஒன்றாகவே அமைந்தன. ஆனால் அது ஐவர் அமரும் நீண்ட மகிழுந்து. நான்கு மீட்டரை ஒட்டிய நீளத்தில், இருவருக்காக, நீண்ட பானட்டுடன் வரைய வேண்டியிருந்த வார்மிங்குக்கு அந்தத் தாராளம் இல்லை.

இசட்4 எம் தரும் சான்று

2006இல் வெளிவந்த, 343 குதிரைத்திறன் கொண்ட இசட்4 எம் வகையில் நிறுவனமே ரன்-ஃபிளாட் டயர்களைக் கைவிட்டுச் சாதாரண டயர்களைப் பொருத்தியது. ஓட்டையடைக்கும் கருவித் தொகுப்பை உடன் அளித்தது. மின்னோடியால் இயங்கிய ஸ்டீயரிங் உதவிக்குப் பதிலாக நீர்ம அழுத்த உதவியும் திரும்பி வந்தது. வில்கள் மேலும் விறைப்பாக இருந்தும், சிறு குழிகளில் எம் வகை எதிர்பார்த்த அளவு கடுமையாக இல்லை எனச் சொன்னவர்கள் உண்டு. டயர் மட்டுமே மாறவில்லை என்றாலும், ஒரே உடலில் டயரின் மாற்றம் எவ்வளவு செய்யும் என்பதை இது ஓரளவு காட்டுகிறது.

பிற்காலத் தலைமுறைகள்

2009இல் வந்த இரண்டாம் தலைமுறை, ஈ89, ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் உற்பத்தியானது. அதன் வெளிப்புறத்தை யூலியானே பிளாசியும் உட்புறத்தை நாடியா அர்னவுட்டும் வடிவமைத்தனர். துணிக்கூரைக்குப் பதிலாக மடங்கும் உலோகக் கூரை வந்தது. ஓட்டும்போதே விறைப்பை மாற்றத்தக்க மின்னணு அதிர்வுத் தணிப்பான்களும் கூடுதல் தெரிவாகக் கிடைத்தன. ரன்-ஃபிளாட் டயர்கள் தொடர்ந்தன. 2018இல் காட்டப்பட்ட மூன்றாம் தலைமுறை டொயோட்டாவின் சுப்ராவுடன் அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்டு, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தயாரிக்கப்பட்டது.

முதல் தலைமுறை இசட்4 இன்று பழைய வண்டிச் சந்தையிலேயே கிடைக்கும். ஓட்டிப் பார்க்கும் முன் டயரின் பக்கச்சுவரை ஒருமுறை பார்ப்பது நல்லது. வட்டத்துக்குள் ஆர்எஸ்சி என்னும் மூன்று எழுத்துகள் இருந்தால் அது ரன்-ஃபிளாட். அப்போது உணரும் அதிர்வில் ஒரு பங்கு டயரினுடையது, மாற்றிக்கொள்ளலாம். இருக்கை பின் அச்சை ஒட்டியிருப்பதால் வரும் பங்கை மாற்ற இயலாது.